தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்: நசுங்குவது நரம்பா, ரத்தக்குழாயா? எப்படிப் பிரிப்பது?

பிசியோ_காவிரி கேட்டது:

கை மரத்துப்போகுது, தூக்கினா கனக்குதுன்னு வர்றவங்களைப் பத்தி ஒரு சந்தேகம். கழுத்து எம்ஆர்ஐயில் பெரிசா ஒண்ணும் இருக்காது. நரம்பு கடத்தல் பரிசோதனை நார்மல்னு வந்திருக்கும். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் மட்டும் கழுத்து விலா (கழுத்து எலும்பிலிருந்து முளைக்கிற கூடுதல் விலா) இருக்குன்னு ஒரு வரி. உடனே சீட்டில் தொராசிக் அவுட்லெட்னு எழுதி பிசியோதெரபிக்கு அனுப்பிடறாங்க.

அந்த விலாவை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஆட்சன் சோதனையில் (தலையைத் திருப்பி மூச்சை அடக்கச் சொல்லி மணிக்கட்டு நாடியைப் பார்க்கிறது) நாடி நின்னுபோனா அதுவே போதுமா? நசுங்குறது நரம்பா, சிரையா, தமனியான்னு ஸ்கேனுக்கு முன்னாடியே கையை வெச்சுப் பார்த்துப் பிரிக்க முடியுமா? யாரை அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? பயிற்சி எந்த வரிசையில் கொடுக்கணும்? ஸ்கேலீன் தசையை இழுத்துவிட்டா சில பேருக்கு விறுவிறுப்பு கூடுது, அதுக்குக் காரணம் என்ன?

நரம்பு_ஓபி எழுதியது:

முதலில் இடத்தைப் பார்ப்போம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல், தமனி, சிரை மூன்றும் அக்குளுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று குறுகலான வாசல்களைச் சந்திக்கின்றன. இந்த வாசல்களில் அவை நசுங்குவதுதான் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். கழுத்தின் பக்கவாட்டில் முன் ஸ்கேலீன், நடு ஸ்கேலீன் என்ற இரண்டு தசைகளுக்கும் முதல் விலாவுக்கும் நடுவே இருக்கும் முக்கோணம் முதல் வாசல். நரம்புப் பின்னலும் தமனியும் இதன் வழியாகப் போகும். சிரை போகாது, அது முன் ஸ்கேலீனுக்கு முன்னால் ஓடுகிறது. காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடைப்பட்ட சந்து இரண்டாவது. இங்கே மூன்றும் சேர்ந்து போகும், சிரை உள்பக்க மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மார்பின் மேல்பகுதியில் பெக்டோராலிஸ் மைனர் என்ற சிறிய தசையின் அடிப்பக்கம் மூன்றாவது. சிரைக்கும் நரம்புக்கும் நோய் ஏன் வேறு வேறு முகத்தில் வருகிறது என்பதற்கு இந்த வழித்தடமே பாதி விடை.

இந்த நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நரம்பு வகைதான். சிரை வகை சில சதவீதம். தமனி வகை நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான். எண்ணிக்கையில் குறைந்தாலும் ஆபத்து அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

கழுத்து விலா மக்களில் ஏறக்குறைய ஒரு சதவீதம் பேருக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அவர்களில் பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்துவிடுவார்கள். ஆகவே படத்தில் விலா தெரிந்தால் ‘இடம் குறுகலாக இருக்கலாம்’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே நோய் ஆகிவிடாது. இதற்கு மறுபக்கமும் உண்டு: படத்தில் விலா இல்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏழாவது கழுத்து எலும்பிலிருந்து முதல் விலாவுக்கு ஒரு நார்ப்பட்டை ஓடி, அதன் மேல் நரம்பு வளைந்து உரசிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டை எக்ஸ்ரேயில் விழாது.

படத்தை நீங்களே பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கழுத்து எலும்புகளின் பக்க நீட்சி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதற்குக் கீழே முதுகெலும்பில் வரும் முதல் மார்பு முள்ளெலும்பின் நீட்சி மேல்நோக்கி இருக்கும். கீழ்நோக்கிய நீட்சியிலிருந்து விலா கிளம்பினால்தான் அது கழுத்து விலா. சில சமயம் ஏழாவது எலும்பின் நீட்சியே நீளமாக வளர்ந்திருக்கும், அதையும் ரிப்போர்ட்டில் விலா என்று எழுதிவிடுவதுண்டு.

ஆட்சன் சோதனையைப் பொறுத்தவரை, நாடி நிற்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நோயே இல்லாத பலருக்கும் தலையைத் திருப்பி மூச்சை அடக்கினால் நாடி மங்கும். அந்த நிலையில் அவர் வழக்கமாகச் சொல்லும் அதே தொந்தரவு, அதே விரலில் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால்தான் கணக்கு.

அதைவிட எனக்கு நம்பிக்கை கையைத் தூக்கிச் செய்யும் ரூஸ் சோதனையில்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முழங்கை லேசாகப் பின்னுக்குப் போகும்படி வைக்க வேண்டும். பிறகு மெதுவாக விரல்களை மூடித் திறக்க வேண்டும், மூன்று நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனையாவது நொடியில், எந்த விரலில், என்ன வந்தது என்று எழுதுங்கள். தோள் தசை வலிக்கிறது என்றால் அது வெறும் அசதி, எல்லோருக்கும் வரும். சுண்டுவிரலும் முன்கையின் உள்பக்கமும் மரத்து, கை தானாகக் கீழே விழப்போனால் சந்தேகம் வலுக்கிறது. உள்ளங்கை வெளிறினால் தமனியை நினையுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் விறுவிறுத்தால் மணிக்கட்டு நரம்புக்குத் திரும்புங்கள், ஏனென்றால் கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் நோய்) உள்ளவர்களுக்கும் இந்தச் சோதனை விறுவிறுப்பைக் கொடுக்கும்.

அடுத்ததாக ஒரு பஞ்சை எடுத்து முன்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள், மணிக்கட்டுக்குச் சற்று மேலிருந்து முழங்கை வரை. முழங்கையில் அல்நார் நரம்பு நசுங்கினாலும் சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரக்கும், ஆனால் முன்கையின் உள்பக்கத் தோலில் உணர்ச்சி அப்படியே இருக்கும். அந்தத் தோலுக்கு வரும் நரம்பு அல்நாரிலிருந்து கிளைத்தது அல்ல. அக்குளுக்குப் பக்கத்தில் பின்னலிலிருந்தே தனியாகப் பிரிந்து வருகிறது. அங்கேயும் உணர்ச்சி மங்கியிருந்தால் கோளாறு முழங்கைக்கு மேலே. கழுத்தில் எட்டாவது நரம்பு வேர் நசுங்கினாலும் இதே பரப்பு மரக்கலாம். அப்போது கழுத்தை அந்தப் பக்கம் சாய்த்து மேலிருந்து அழுத்தினால் வலி கைக்கு ஓடும். காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் விரலால் அழுத்தும்போது விறுவிறுப்பு கைக்கு இறங்கினால் வாசலில் நசுங்குகிறது என்ற பக்கம் சாயலாம்.

ஒரு எச்சரிக்கை. உள்கை வலியோடு அதே பக்கத்து இமை தொங்கி, கண்பாவை சிறுத்து இருந்தால், அதுவும் புகைபிடிப்பவராக இருந்தால், பயிற்சி எதுவும் தொடங்காமல் மார்புப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டி இந்த நரம்புகளையே முதலில் தொடும். தோள் எக்ஸ்ரேயிலும் கழுத்து எக்ஸ்ரேயிலும் அந்த மூலை சரியாக விழாமல் போய்விடும்.

வாஸ்குலர்_வார்டு எழுதியது:

அன்றே யாரை அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

சிரை வகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரும்பாலும் இளவயது, நல்ல உடற்கட்டு, அதிகம் பயன்படுத்தும் கை. ஜிம்மிலோ நீச்சலிலோ, கூரைக்கு மேலே கையை நீட்டிச் செய்யும் வேலையிலோ கடுமையாக உழைத்த ஓரிரு நாளில் கை முழுவதும் வீங்கும், நீலம் பாய்ந்தது போல் இருக்கும், கனக்கும். தோளிலும் மார்பின் மேல்பக்கத்திலும் இதுவரை தெரியாத சிரைகள் பின்னிப் புடைத்து நிற்கும். காறை எலும்பும் முதல் விலாவும் கத்தரிக்கோல் மாதிரி சிரையைத் திரும்பத் திரும்பக் கடித்து, உள்சுவர் தடித்து, கடைசியில் ரத்தம் உறைந்துவிட்ட நிலை இது. 1875இல் ஜேம்ஸ் பேஜெட்டும் 1884இல் வான் ஷ்ரோட்டரும் விவரித்ததால் பேஜெட்-ஷ்ரோட்டர் என்று பெயர். இந்தக் கையைப் பிடித்துவிடவோ, நீவவோ, பயிற்சி கொடுக்கவோ கூடாது. ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு குத்துகிறது என்று சேர்த்துச் சொன்னால் ஆம்புலன்ஸ்தான்.

டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) நார்மல் என்று வந்துவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். காறை எலும்பு அதன் அடியில் இருக்கும் சிரையை மறைத்துவிடும். கட்டி சரியாக அந்த இடத்தில் இருந்தால் ஸ்கேன் செய்பவருக்கு அக்குள் பக்கமும் கழுத்துப் பக்கமும் தெரியும், நடுவில் உள்ளது தெரியாது. கை வீங்கியே இருந்தால் சிடி வெனோகிராம், அதாவது சிரைகளைக் காட்டும் சிடி படம், கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உடனே தொடங்கிவிடுவார்கள். சிரைக்குள் குழாய் விட்டுக் கட்டியைக் கரைப்பது முதல் 14 நாளுக்குள் செய்தால்தான் நன்றாக வேலை செய்யும். நாள் ஆக ஆகக் கட்டி இறுகி நாராகிவிடும். வீக்கம் தானா வடியும் என்று இரண்டு வாரம் எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். கரைத்த பிறகு முதல் விலாவை எடுக்காவிட்டால் கத்தரிக்கோல் அங்கேயே இருக்கிறது, திரும்ப அடைபடும். விலாவை எடுக்காமல் உள்ளே ஸ்டென்ட் வைப்பது தவறு, இரண்டு எலும்புக்கு நடுவே அது நசுங்கி முறியும்.

தமனி வகை அரிது, ஆனால் ஏமாற்றும். பெரும்பாலும் முழுதாக வளர்ந்த கழுத்து விலாவோ கோணலான முதல் விலாவோ இருக்கும். நசுங்கிய இடத்துக்கு அப்பால் தமனி பலூன் போல் விரியும், அதன் சுவரில் ரத்தக்கட்டி படியும், துணுக்கு துணுக்காக உடைந்து விரல்களுக்குப் போய்ச் சேரும். ஒரு கை மட்டும் சில்லிடுவது, விரல் வெளிறுவது, நகத்தடியில் கரும்புள்ளி, ஆறாத நுனிப்புண் ஆகியவை அடையாளங்கள். இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20க்கு மேல் வேறுபட்டால் கட்டாயம் அனுப்புங்கள். குளிரில் விரல் வெளுப்பது இரண்டு கையிலும் வந்தால் வேறு காரணம் இருக்கலாம். ஒரே கையில் வந்தால் தமனியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பலரும் அறிந்த உதாரணம் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜே.ஆர். ரிச்சர்ட். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் பந்தெறிபவர். 1980இல் கை செத்துப்போனது போல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சாக்குச் சொல்கிறார் என்று பேசினார்கள். ஜூலையில் பரிசோதித்தபோது வலது கைத் தமனியில் அடைப்பு தெரிந்தது. ஆனாலும் அவசர அறுவை வேண்டாம் என்று முடிவானது. ஜூலை 30 அன்று மைதானத்தில் பயிற்சியின்போது பக்கவாதத்தில் விழுந்தார். வயது 30. அதன்பின் பெரிய லீக் ஆட்டத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

மறுவாழ்வு_மேசை எழுதியது:

பயிற்சிக்கு வருவோம். நான் சொல்வது நரம்பு வகைக்கு மட்டும். சிரை, தமனி இல்லை என்று உறுதியான பிறகு.

ஸ்கேலீனை இழுத்தால் ஏன் கூடுகிறது என்று கேட்டீர்கள். கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். தொந்தரவு உள்ள பக்கக் கையால் நாற்காலியின் அடியைப் பிடிக்கச் சொல்லி, தலையை எதிர்ப்பக்கம் சாய்க்கச் சொல்வோம். அப்போது தசை மட்டும் நீளுவதில்லை. கை கீழே கட்டப்பட்டிருக்கிறது, கழுத்து எதிர்ப்பக்கம் போகிறது, நடுவில் நரம்புப் பின்னல் கம்பி மாதிரி இறுகுகிறது. ஏற்கெனவே உரசிப் புண்பட்ட நரம்பை மேலும் முறுக்குகிறோம். அதற்குப் பதிலாக முன்கையைத் தலையணை மேல் வைத்து, தோள் லேசாக மேலே தூக்கியிருக்கும்படி உட்காரவையுங்கள். எதிர்க்கையின் விரல்களைக் காறை எலும்புக்குக் கீழே வைத்து மேல் விலாவை மெல்ல அழுத்திப் பிடிக்கட்டும். தலையைக் கொஞ்சம் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்த்து, முகவாயைத் தொந்தரவு உள்ள பக்கம் சற்றே திருப்பி, 20 நொடி, மூன்று முறை. விரலில் விறுவிறுப்பு வந்த கணமே நிறுத்தி, அதற்குச் சற்று முன்னால் வரை மட்டும் போக வேண்டும்.

வரிசையில் முதலில் வருவது மூச்சு. இந்த ஆட்களில் பலர் மார்பின் மேல்பகுதியால் மூச்சு வாங்குவார்கள், ஒவ்வொரு மூச்சுக்கும் ஸ்கேலீன் முதல் விலாவைத் தூக்கும். நாள் முழுக்க இது நடந்தால் எந்த இழுப்பும் நிற்காது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கை வயிற்றில், ஒரு கை காறை எலும்பின் மேல். வயிற்றுக்கை எழும்ப வேண்டும், மேல்கை அசையக் கூடாது. காலையும் மாலையும் 5 நிமிடம். முதல் இரண்டு வாரம் இதையும், தொந்தரவைக் கிளப்பும் நிலைகளைத் தவிர்ப்பதையும் மட்டும் செய்தால் போதும்.

அடுத்தது மார்பு. கதவுநிலையில் முன்கையை வைத்து முன்னால் சாய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொடக்கத்தில் முழங்கை தோளுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். உயரத் தூக்கினால் பெக்டோராலிஸ் மைனர் நரம்பின் மேல் வார் போல் இறுகும். 20 முதல் 30 நொடி, மூன்று முறை.

மூன்றாவது கட்டம் தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகள். செரட்டஸ் ஆன்டீரியருக்கு, சுவரில் கைகளை ஊன்றி, முழங்கை மடங்காமல் முதுகை மட்டும் பின்னுக்குத் தள்ளுவது, 10 முறை இரண்டு சுற்று. கீழ் டிரபீசியஸுக்குக் குப்புறப் படுத்து, கட்டிலோரம் கையைத் தொங்கவிடாமல், தோள்பட்டை எலும்பைப் பின்பாக்கெட் பக்கம் இழுப்பது. தோள் தொங்கியவர்களுக்கு மேல் டிரபீசியஸும் வேண்டும். ஆனால் கையைத் தொங்கவிட்டு டம்பெல் பிடித்துத் தோளைக் குலுக்கும் பயிற்சி கொடுக்காதீர்கள். எடை காறை எலும்பைக் கீழே இழுத்து, முதல் விலாவோடு உள்ள அதே இடைவெளியை மூடும். முன்கையைத் தாங்கி வைத்த நிலையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள்.

நரம்பை அசைக்கும் பயிற்சி கடைசியில், அதுவும் வழுக்கிவிடும் விதம் மட்டும். முழங்கை நீளும்போது மணிக்கட்டைத் தளர்த்த வேண்டும், மணிக்கட்டை விரிக்கும்போது முழங்கையை மடக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்கக் கூடாது, பிடித்து நிறுத்தவும் கூடாது. 5 முறையில் தொடங்குங்கள். சில நிமிடத்தில் அடங்காத விறுவிறுப்பு மிஞ்சினால் அளவு அதிகம். கழுத்தை இயந்திரத்தில் இழுப்பது, அதாவது டிராக்‌ஷன், இந்த நோயில் பெரும்பாலும் மோசமாக்கும். சீட்டில் எழுதியிருந்தாலும் அனுப்பியவரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

ஆறு வாரத்தில் ஒருமுறை ரூஸ் சோதனையை மறுபடி செய்து நொடிக்கணக்கை ஒப்பிடுங்கள். 40ஆவது நொடியில் விழுந்த கை 90 வரை நின்றால் பாதை சரி. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை என்றால் அப்போது அடுத்த கட்டம் பேசலாம். இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று விடுபவர்களிடம் இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பிசியோ_காவிரி எழுதியது:

நாற்காலியைப் பிடிக்கிற விஷயம் இப்பதான் புரியுது, நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். நரம்பு கடத்தல் நார்மல்னு வந்தா நோய் இல்லைன்னு சொல்லிடலாமா? அறுவைக்குப் போகச் சொல்ற கட்டம் எது?

கடத்தல்_அறை எழுதியது:

சொல்ல முடியாது. நரம்பு வகையில் பெரும்பாலானவர்களுக்குக் கடத்தல் பரிசோதனை நார்மலாகவே வரும். கையைத் தூக்கும்போது மட்டும் நசுங்கி, இறக்கியதும் விடுபடும் நரம்பில் நிரந்தரச் சேதம் இன்னும் ஆகியிருக்காது. நாம் சோதிப்பதோ கையைக் கீழே வைத்துக்கொண்டு. அப்படி நார்மலாக வந்தவர்களை எவ்வளவு தூரம் இந்த நோய்க்காரர் என்று சொல்லலாம் என்பதில் நரம்பியல் மருத்துவர்களுக்குள்ளேயே நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. மேசையில் செய்யும் சோதனைகளைக் கவனமாக எழுதிவைப்பது அதனால்தான் முக்கியம்.

நிஜமாகவே நார் சேதமான சிலரிடம் மட்டும் ஒரு தெளிவான அமைப்பு கிடைக்கும். கட்டைவிரல் அடிச்சதை கரைந்து தட்டையாகியிருக்கும், ஆனால் மரத்துப்போனது சுண்டுவிரல் பக்கம். முதல்முறை பார்ப்பவரைக் குழப்பும் ஜோடி இது. கட்டைவிரல் அடிச்சதைக்குப் போகும் நார்கள், கார்பல் டனலில் நசுங்கும் அதே மீடியன் நரம்பு வழியாகப் போனாலும், அவை கிளம்பும் இடம் மார்பின் முதல் வேர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களின் உணர்ச்சியோ கழுத்தின் ஆறு, ஏழாவது வேர்களிலிருந்து வருகிறது. விலாவிலோ பட்டையிலோ உரசுவது பின்னலின் அடிப்பகுதி, அதாவது முதல் மார்பு வேர். அதனால் சதை கரையும், கட்டைவிரல் உணர்ச்சி தப்பும். கார்பல் டனலில் இரண்டுமே சேர்ந்து கெடும். இதை கில்லியட்-சம்னர் கை என்பார்கள்.

அனுப்பும்போது சீட்டில் வெறுமனே ‘கை நரம்பு பரிசோதனை’ என்று எழுதாதீர்கள். மீடியல் ஆன்டிபிரேக்கியல் கியூட்டேனியஸ் நரம்பு, இரண்டு கையும் ஒப்பிட்டு, என்று எழுதுங்கள். முன்கை உள்பக்கத் தோலின் நரம்பு அதுதான். வழக்கமான பட்டியலில் பல அறைகளில் அதைச் செய்வதில்லை, ஆனால் முதலில் குறைவது அநேகமாக அதுதான். எதிர்க்கையோடு ஒப்பிடாமல் அந்த எண்ணைத் தனியாகப் படித்தால் தவறிவிடும்.

வாஸ்குலர்_வார்டு எழுதியது:

அறுவையைப் பற்றி. சதை கரையத் தொடங்கிவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே அனுப்புங்கள். விடுவித்த பிறகு வலியும் விறுவிறுப்பும் நன்றாகக் குறையும், கரைந்த சதை முழுசாகத் திரும்புவது அபூர்வம். கரைவதை நிறுத்துவதே அங்கே நோக்கம். சதை நன்றாக இருந்து, பயிற்சி முறையாகச் செய்தும் வேலை பார்க்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, அல்ட்ராசவுண்டு பார்த்து முன் ஸ்கேலீனில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரத்துக்காவது தொந்தரவு தெளிவாகக் குறைந்தால் அறுவையில் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். காறை எலும்புக்குக் கீழே, தோள்பட்டை எலும்பின் கொரக்காய்டு முனையடியில் தொட்டால்தான் வலி என்றால் ஊசியை பெக்டோராலிஸ் மைனரில் போட்டுப் பார்க்க வேண்டும். அவர்களில் சிலருக்கு விலாவைத் தொடாமல் அந்தத் தசைநாரை மட்டும் விடுவித்தால் போதும்.

விலாவை அக்குள் வழியாகவோ காறை எலும்புக்கு மேலிருந்தோ எடுப்பார்கள். முன் ஸ்கேலீனின் முகத்தில்தான் உதரவிதான நரம்பு ஓடுகிறது, நடு ஸ்கேலீனைத் துளைத்துக்கொண்டு செரட்டஸ் நரம்பு வருகிறது, இடப்பக்கம் நிணநீர்க் குழாய் இருக்கிறது, அடியில் நுரையீரல் உறை. எனவே வீடு திரும்பியவரிடம் நீங்கள் பார்க்க வேண்டியவை: படிக்கட்டில் புதிதாக மூச்சு வாங்குதல், சுவரைத் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு சிறகு போல் எழும்புதல். இரண்டில் எது தெரிந்தாலும் அறுவை செய்தவருக்குத் தகவல் போக வேண்டும். மாதங்கள் கழித்துப் பழைய தொந்தரவே திரும்பினால், விலாவின் பின்துண்டு நீளமாக விடப்பட்டதா, தழும்பு நரம்பைச் சுற்றிக்கொண்டதா என்று மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மறுவாழ்வு_மேசை எழுதியது:

விட்டுப்போனது ஒன்று, தூக்கம். கையைத் தலைக்கு மேல் மடக்கிப் படுப்பவர் பகலில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் இரவில் ஆறு மணி நேரம் அந்த இடைவெளியை மூடி வைத்திருக்கிறார். மல்லாந்தோ நல்ல பக்கமாகவோ படுத்து, பாதித்த கையின் முழங்கைக்கு அடியில் தலையணை கொடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் மேல்கம்பிக்குப் பதில் இருக்கையின் கைப்பிடி, லேப்டாப் பை எதிர்த்தோளில் அல்லது எதிர்க்கையில். கூரைக்கு வெள்ளையடிப்பவர், மின்விசிறி மாட்டுபவர் வேலையை விட முடியாது. அவர்களுக்கு ஏணியில் ஒரு படி மேலே ஏறி நிற்கச் சொல்லுங்கள், முழங்கை தோள் உயரத்துக்குக் கீழே வந்துவிடும்.